மூக்கன் தொலைத்த வீடு

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்த அக்கா, வீட்டுக் கதவைத் திறந்ததும் தும்மினாள். எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. சோபா இடம் மாறியிருந்தது. சுவரில் ஒரு சின்ன இயந்திரம் புஸ்ஸென்று எதையோ பீய்ச்சியது. வழக்கமாக அவள் படியேறும்போதே வாலாட்டிக்கொண்டு நிற்கும் மூக்கனைக் காணோம்.

"மூக்கன் எங்க?"

தம்பி மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கோபப்படாதீங்க. அவரோட மேனேஜர் விருந்துக்கு வராருன்னு ஆள் வெச்சு வீட்டையே கழுவினோம். அன்னையிலேர்ந்து அதுக்குப் புத்தி பிசகிப்போச்சு. சுவத்துல போய் முட்டுது. தண்ணிக் கிண்ணம் தெரியல. மேனேஜர் முன்னாலயே சோபாவுல ஒண்ணுக்குப் போயிடுச்சு."

"அவன் எங்கன்னு கேட்டேன்."

"ஊசி போட்டுடலாம்னு... அவர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காரு. பாவம், வயசாயிடுச்சு இல்ல?"

அக்கா பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். மூக்கனுக்கு இரண்டு கண்ணும் போய் வெகுநாளாகிறது. ஆனாலும் அவள் ஊருக்குக் கிளம்பும்வரை ஒரு நாற்காலியில்கூட இடித்ததில்லை. அவனுக்கு வழி, கதவு, ஆள் எல்லாமே வாசனைதான். அதை ஒட்டுமொத்தமாகத் துடைத்துப்போட்டுவிட்டு, புத்தி பிசகியது அவனுக்காம்!

மிருக வைத்தியசாலையில் தம்பி நாயை மடியில் வைத்துக்கொண்டு, முறை வருவதற்காகக் காத்திருந்தான். நல்லவேளை, முன்னால் ஒரு பூனை இருந்தது. மூக்கன் தலை தொங்கி உட்கார்ந்திருந்தான். அவன் மேலேயும் ஏதோ பவுடர் மணத்தது.

"யாரைக் கேட்டுடா கூட்டிட்டு வந்தே?"

"அக்கா, போன் போட்டேன், நீ எடுக்கல..."

"எடுக்கலைன்னா கொன்னுடுவியா?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் மண்டியிட்டு, கிரீஸ் கறை போகாத கையை நாயின் முகத்தருகே நீட்டினாள். மூக்கன் முதலில் விலகினான். பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இழுத்து இழுத்து முகர்ந்தான். உடம்பெல்லாம் நடுங்க, முனகிக்கொண்டே அவள் கழுத்துக்குள் தலையைப் புதைத்தான்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஒண்ணும் இல்லையே. எதுக்கு ஊசி?" என்றார்.

வீடு திரும்பியதும் அக்கா முதலில் சுவரிலிருந்த இயந்திரத்தைப் பிடுங்கினாள். ஜன்னல்களை விரியத் திறந்தாள்.

தம்பி மனைவிக்குக் கண் கலங்கியது. "வீடு சுத்தமா இருக்கணும்னு நினைச்சது ஒரு தப்பாக்கா?"

"சுத்தம் பண்ணது தப்பில்லம்மா. உன் கண்ணைக் கட்டி, தெரியாத தெருவுல விட்டுட்டு, நீ தடுக்கி விழுந்ததும் 'இவளுக்குப் பைத்தியம், முடிச்சுடலாம்'னு சொன்னா எப்படி இருக்கும்? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது 'இவன் ஏன் முட்டுறான்'னு கேக்கத் தோணலியே!"

தம்பி மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா வெறும் தண்ணீரால் தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். சோபாவைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். வெளியூரில் உடுத்திய அழுக்குச் சட்டையைத் தன் அறை வாசலில் விரித்தாள். தம்பி திருதிருவென்று விழித்தான். பிறகு கழற்றிய சாக்ஸை எடுத்து, நடையின் ஓரமாகத் தரையில் தேய்த்துக்கொண்டே போனான்.

"இதாவது உருப்படியா ஒரு நாத்தம்" என்றாள் அக்கா. சிரிப்பு வரவில்லை.

மூக்கன் தரையோடு மூக்கை ஒட்டி, ஓர் அடி வைப்பதும் நிற்பதுமாக வந்தான். தண்ணீர்க் கிண்ணத்தைத் தானாகக் கண்டுபிடிக்கச் சில நாள் ஆயிற்று. தம்பி மனைவி அதற்குப் பிறகு அக்காவிடம் அளந்துதான் பேசினாள்; வாசனைப் புட்டிகளைத் தன் அறையோடு நிறுத்திக்கொண்டாள். தம்பி மட்டும் ஒருநாள், "மன்னிச்சுடுக்கா" என்றான்.

"என்கிட்ட எதுக்குடா சொல்றே?" என்று கேட்டாள் அக்கா.

அடுத்த முறை வெளியூர் வேலை வந்தபோது மூக்கனையும் கம்பெனி வண்டியில் ஏற்றிக்கொண்டாள். "நாய் எதுக்கு?" என்று முகம் சுளித்த மேற்பார்வையாளரிடம், "அவன் வந்தாத்தான் நான் வருவேன்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.