பேர் வைத்த ஈச்சை

பச்சைத் தென்னங்கீற்றைப் பின்னிப் பாடையில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ராதிகா ஐஸ் பெட்டியோரம் உட்கார்ந்து அதையே பார்த்தாள். உள்ளே புருஷன் கிடக்கிறார், இவள் கண் கீற்றின் மேல். தாவரவியல் படித்தவள் புத்தி வேறெங்கே போகும்.

புருஷன் அரங்கநாதனும் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர்தான். தியாகதுருகத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். சங்கராபுரத்தில் வாத்தியாராக இருக்கும் பழைய மாணவர் தெய்வசிகாமணி கையில் மாலை இல்லை. கல்வராயன் மலையில் வெட்டிய ஈச்ச மட்டை ஒன்று இருந்தது.

"சார் கண்டுபிடிச்ச ஈச்சைங்க. அவரு மேல வெக்கலாம்னு எடுத்தாந்தேன்."

சார் கண்டுபிடித்ததாம். கல்யாணமான புதிதில் மலைக்குப் போனபோது, பாறையிடுக்கில் முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தச் செடியை முதலில் பார்த்தவள் ராதிகா. "தென்னைக்கு எல கீழ்ப்பக்கமா மடங்கும், தண்ணி வழிஞ்சிடும். ஈச்சைக்கு மேல்பக்கமா மடங்கும், தண்ணி நிக்கும். இது ஈச்ச ஜாதிதாங்க, ஆனா பழம் வேற மாதிரி இருக்குது" என்றாள். "புதுசா இருந்தா ஒம்பேருதான் வெப்பேன்" என்றார் அவர். மேல்படிப்பு வேண்டாம் என்று மாமியார் இருசம்மாள் ஒரே பிடியாக நின்றபோது, அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டுதான் ராதிகா அடுப்படிக்குள் போனாள். பிறகு அந்தப் பேர் என்ன ஆயிற்று என்று கேட்டபோதெல்லாம், "கட்டுரைய ஏத்துக்கல, வுடு" என்பார்.

"இதுக்கு இன்னா பேருங்க?" என்று மட்டையைக் காட்டிக் கேட்டாள்.

"தெரியாதுங்களாம்மா? சாரோட அம்மா பேரு, இருசம்மாள்னு. எத்தினியோ வருசமா பாடத்துலயே சொல்லிக்கினு இருக்கேன்."

"பெத்தவள மறக்கல பாரு எந்தம்பி" என்று நாத்தனார் பரிமளா மூக்கைச் சிந்தினாள். சுவரில் இருசம்மாள் மாலையோடு இருந்தாள். ஒரு நாளும் மலை ஏறாத மகராசி.

"பேர மாத்த முடியுங்களா?"

"மொதல்ல அச்சுல வந்த பேருதாம்மா செல்லும். மாத்த முடியாது."

ராதிகாவுக்குத் தெரியும். அந்த விதியை அவளும் படித்துப் பரீட்சை எழுதியவள்தான். இருந்தும் கேட்டாள். பாவி மனுஷா, இத்தனை வருஷம் என் கையால் தின்றுவிட்டு வாயைத் திறக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

வாய்க்கரிசி போட்டாள். "நீங்களே வெச்சிடுங்கம்மா" என்று தெய்வசிகாமணி மட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அடிமட்டையின் முள் உள்ளங்கையில் ஏறியது. அவள் பிடியை விடவில்லை.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்."

"பாவம், புருசன் ஞாபகமா வெச்சிக்கிறா" என்றாள் பரிமளா.

பாடையைத் தூக்கும்போது தூறல் போட்டது. பாடையோரம் தொங்கிய தென்னங்கீற்றில் நீர் நிற்காமல் வழிந்தது. "வூட்டுக்குள்ள வா, நனையிற" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

ராதிகா வாசலிலேயே நின்றாள். கையிலிருந்த மட்டையில், மடிப்புக்கு மடிப்பு தண்ணீர் நின்றது.