நீலமேகத்தின் மார்ச் மாதம்

எனக்கு எழுத்து தெரியாது என்பதற்காகத்தான் சுடலைராஜ் அண்ணாச்சி என்னை வேலைக்கு வைத்தார். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ், கல்மண்டபத்தில். ஆட்களின் காகிதங்களைப் பையில் போட்டுத் துறைமுகத்துக்குச் சுமப்பது என் வேலை. படிக்கத் தெரியாதவன் கையில்தான் காகிதம் பத்திரமாக இருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

புது விதி வந்த சமயம். தீயணைப்பு, முதலுதவி, உயிர்காப்புப் படகு என்று பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவன் கப்பல் ஏற முடியாது. இத்தனை பேர் சான்றிதழோடு இருந்தால்தான் கப்பலும் கிளம்பலாம். முறையாகக் கற்க நாள் ஆகும். அண்ணாச்சி ஒரே மதியத்தில் அச்சடித்துக் கொடுத்தார். என் தம்பி பாரிக்கும் கொடுத்தார். அதைச் சுமந்துபோனவன் நான்.

படகு இறக்கும் ஒத்திகையில் பாரி தவறான கொக்கியை விடுவித்தான். நடுக்கடல். உடல்கூடக் கிடைக்கவில்லை. விசாரணையில் அண்ணாச்சி அந்தச் சான்றிதழை நீட்டி, பயிற்சி பெற்றவன், சொந்தக் கவனக்குறைவால் செத்தான் என்றார். பயிற்சி நடந்ததாக அதிலிருந்து அவர் வாசித்த ஐந்து நாளும் அவன் என்னோடு வீட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தான்.

படிக்கப் போனேன். நாற்பத்திரண்டு வயது. மாதா கோயில் பின்னால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. தமிழ் வந்தது, இடுப்பொடிந்து இங்கிலீஷ் எழுத்தும் மாதப் பெயர்களும் வந்தன. வேலையை விடவில்லை. அண்ணாச்சி கேலி செய்தால் நானும் சிரித்தேன்.

கப்பல்காரனுக்கு ஒரு சர்வீஸ் புத்தகம் உண்டு. கப்பல் ஏறிய நாள், இறங்கிய நாள் முத்திரையோடு இருக்கும். எங்கள் தெரு நீலமேகம் மார்ச் முழுக்கக் கடலில் இருந்ததாக அவன் புத்தகம் சொன்னது. அதே மார்ச்சில் அவன் கரையில் தீயணைக்கக் கற்றதாகச் சான்றிதழ் சொன்னது. அச்சடித்த அவசரத்தில் அண்ணாச்சி புத்தகத்தைப் புரட்டவில்லை.

நீலமேகம் ஏற வேண்டிய கப்பல் கிளம்பும் காலை, துறைமுக அதிகாரி தலைகளை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். நான் நீலமேகத்தின் புத்தகத்தையும் சான்றிதழையும் விரித்து வைத்து, தேதிகள்மேல் விரல் வைத்தேன். அவர் மற்றவர்களுடையதையும் கேட்டு வாங்கினார். ஆறு சான்றிதழ் பொய். ஆள் குறைந்து கப்பல் நின்றது.

நீலமேகம் என் சட்டையைப் பிடித்தான். "என் பொயப்புல மண்ணப் போட்டியே நைனா, நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

"உசுரோட வூட்டுக்குப் போறியே, அத்தப் பாரு" என்றேன். அவன் துப்பிவிட்டுப் போனான். அவனுக்குச் செய்தது அநியாயம்தான். தெரிந்தே செய்தேன்.

கப்பலை நிறுத்திவைத்த உத்தரவின் நகலை உறையில் போட்டு, ஏஜெண்டான அண்ணாச்சியிடம் சேர்க்கச் சொல்லி அதிகாரி என்னிடமே கொடுத்தார். ஆபீஸில் அண்ணாச்சிக்குப் போன் முந்தியிருந்தது. டைப் அடிக்கும் செல்லக்கனிதான் காட்டிக்கொடுத்தாள் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் அழுதாள். யார் செய்தது என்று தெரியாமலே அவர் ஜெயிலுக்குப் போனால் எனக்கு என்ன மிச்சம்?

"அந்தப் பொண்ணு இல்ல அண்ணாச்சி. நான்தான்."

"நீயா? ஒனக்கு என்னல தெரியும்?"

உறையைப் பிரித்தேன். கப்பலின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிறகு அவர் பெயரை. கதவு சாத்தியிருந்தது. நான் அதன்மேல் சாய்ந்து நின்றேன். அவர் காகிதத்துக்குக் கை நீட்டினார்.

"இரு அண்ணாச்சி," என்றேன். "இன்னும் ரெண்டு வரி கீது."