ஆந்தைப் பெட்டி

எண்ணூற்று நாற்பத்தாறு ரிங்கிட் ஐம்பது சென். நைனா முகம்மதுவின் மளிகைக் கடையில் மாயாண்டிக்கு இருந்த பாக்கி அவ்வளவு. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து கடை வாசலில் விட்டுவிட வேண்டும் என்று நைனா சொல்லிவிட்டார். மோட்டார் போனால் கோப்பெங் பலகை ஆலையில் இப்போதுதான் கிடைத்த வேலையும் போகும். தோட்டத்து ரோட்டில் பஸ் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் தவணை கேட்கப் போனான்.

“ஒரு மாசம் பொறுங்கண்ணே. மொதச் சம்பளம் வந்ததும் கட்டிடுறேன்.”

“எலிகிட்ட போய்ச் சொல்லு. அது பொறுக்குதான்னு பாப்போம்லா.” ஓட்டை விழுந்த அரிசி மூட்டையை நைனா காலால் நகர்த்தினார். “ஈப்போவுக்கு வந்துடுங்கன்னு மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். வர வேண்டியதை வாங்கிக்கிட்டுக் கடையை மூடப்போறேன். யாரால வந்த வினை இது?”

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அது தோட்டத்துக்கே தெரிந்த கதை.

ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட நாளிலிருந்து அங்கே எலி உண்டு. உதிர்ந்த பழத்தை எலி தின்னும், எலியை ஆந்தை தின்னும். ஆந்தை தங்குவதற்கென்றே கம்பெனிக்காரன் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்திருந்தான். கடைப் பக்கம் இருந்த ஒரே பெட்டி மாயாண்டி வீட்டுக்குப் பின்னால் நின்றது. அவன் பெண்சாதி இருளாயி காய்ச்சலில் கிடந்தபோது, அந்தி சாய்ந்தால் போதும், அதிலிருந்த ஆந்தை கிறீச்சென்று அலறும். “சாவைக் கூப்பிடுதுங்க” என்று அவள் அழுதாள். மாயாண்டி ஏணி போட்டு ஏறி, பெட்டியை இறக்கிக் கோழி அடைக்க வைத்துக்கொண்டான். காய்ச்சல் மாத்திரையில் விட்டது. ஆந்தை போனது போனதுதான்.

அதோடு மறுநடவு என்று கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்து, தடிகளை வரிசையாகப் போட்டு மக்க விட்டார்கள். ஒளிய இடம் இருந்தது, தின்னக் குருத்து இருந்தது, பிடித்துத் தின்ன ஆந்தைதான் இல்லை. எலி குட்டி மேல் குட்டி போட்டது. தடியெல்லாம் மக்கித் தீர்ந்தபின், புதுக் கன்றில் பழம் ஏது? பழம் வெட்டாத தோட்டத்தில் ஆளுக்கும் வேலை ஏது? மாயாண்டிக்குப் பாக்கி ஏறியது அந்த மாதங்களில்தான். லயத்து வீடுகளில் இருந்த சனம் சித்தியவான், ஈப்போ என்று கிளம்பியது. எலிகள் நைனா கடைக்குக் கிளம்பின. சோறு இருக்கிற பக்கம்தான் கால் போகும், இதில் எலியென்ன, மனுசனென்ன.

உள்ளே ஸ்டோரில் ஒரு டின் விழுந்து உருண்டது. அடுத்து நைனாவின் மனைவி லத்தீபாவின் குரல் வந்தது.

“என்னங்க... உள்ள வராதீங்க.”

இருவரும் ஸ்டோர் வாசலுக்கு ஓடி அப்படியே நின்றுவிட்டார்கள். லத்தீபா மூலையில் மூட்டையோடு ஒட்டி நின்றாள், வெறுங்கால். அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் நல்லபாம்பு ஒரு முழ உயரத்துக்குப் படமெடுத்து நின்றது. எலியின் வாடை பிடித்து வந்திருக்கிறது.

நைனா தாழ்க்கட்டையைத் தூக்கினார். மாயாண்டி அதை இறுக்கிப் பிடித்தான்.

“வேணாண்ணே. அடி தப்பினா அக்கா மேலதான் பாயும்.”

“பொம்பாவுக்குப் போன் போடட்டா? பாம்பு பிடிக்கத் தீயணைப்புக்காரங்கதானே வருவாங்க?”

“அவங்க வர்ற வரைக்கும் அக்கா நிக்கணுமேண்ணே.”

லத்தீபா கால் மாற்றி நின்றாள். அவளோடு சேர்ந்து படமும் ஆடியது.

காலையில் சிக்கிய எலி ஒன்று கூண்டோடு கல்லாவுக்கு அடியில் இருந்தது. மாயாண்டி அதை எடுத்துவந்து, வாசலில் குந்தி, விளக்குமாற்றுக் காம்பால் தரையோடு தரையாகத் தள்ளினான். எதிர்ச் சுவரில் தகரத்தின் அடியை எலிகளே கடித்துப் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. கூண்டின் வாயை அந்தப் பக்கம் திருப்பினான். எலி கீச்சிட்டது. பாம்பின் நாக்கு நீண்டது.

“அக்கா, மூச்சை மட்டும் விடுங்க. கண்ணைக்கூடச் சிமிட்டாதீங்க.”

படம் மெல்லச் சுருங்கியது. மாயாண்டி காம்பால் கூண்டுக் கதவை நெம்பினான். எலி ஓட்டையைப் பார்த்துப் பாய்ந்தது. பாம்பு சாட்டையாகத் தரையில் விழுந்து, எலியின் பின்னாலேயே வெளியேறியது.

லத்தீபா நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

“இவன்கிட்ட இன்னும் மோட்டாரைக் கேப்பீங்களா?”

“பாதியைத் தள்ளிட்டேன்லா” என்றார் நைனா.

“பாதி உசுரோடவா நான் வெளியே வந்தேன்?”

நைனா தாடியைச் சொறிந்தார். “மோட்டாரு வேணாம், தவணையும் வேணாம். ஆனா மாயாண்டி, அந்தப் பெட்டியை நீ மேல ஏத்து. ஆந்தை வந்து குடியேறுற அன்னிக்கு மீதியையும் அடிச்சிடுறேன். அதுவரைக்கும் கடை இருக்கும்.”

வியாபாரி வியாபாரிதான்.

கோழிகளை விரட்டிப் பெட்டியைக் கழுவும்போது இருளாயி வந்து நின்றாள். “மறுபடி அலறுமேங்க.”

“அலறட்டும் புள்ள. பாம்பு அலறாது.”

மழைக்காலம் முழுக்கப் பெட்டி கம்பத்தின் மேல் காலியாகவே நின்றது. மாயாண்டி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மோட்டாரை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பான். நைனாவோ அவன் முகத்தைப் பார்ப்பார். மூட்டைகளில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில் கம்பம் முழுக்க வெள்ளை எச்சம் வழிந்திருந்தது. அடியில் கறுப்பாக ஒரு உருண்டை, ரோமமும் எலும்புமாக ஆந்தை கக்கிப் போட்டது. மாயாண்டி அதைப் பேப்பரில் பொதிந்து கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாவின் மேல் வைத்தான்.

நைனா பிரித்தார். “அஸ்தஃபிருல்லாஹ்! விடிஞ்சதும் விடியாததுமா எலி மண்டையைக் கொண்டாந்து வைக்கிறியே!”

“எண்ணிப் பாருங்கண்ணே. ரெண்டு மண்டை.”

நைனா குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துப் பாக்கி நோட்டில் மாயாண்டியின் பெயர் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

“தீந்துச்சு. கையைக் கழுவிட்டு வாலா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்.”