துணி தங்காத உடம்பு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, மருந்துக் கடை வாசலில், தபால்காரரின் உடம்பிலிருந்த துணியெல்லாம் நூலாகப் பிரிந்து விழுந்தது. கிழியவில்லை, எங்கும் மாட்டி இழுக்கவில்லை. சட்டை, கால்சட்டை, உள்ளே போட்டிருந்தது என்று சகலமும் தையல் விட்டு, நெசவு விட்டு, காலடியில் காக்கிக் குவியலாகக் கிடந்தன. அவர் குனிந்து பார்த்தார். பையில் இன்னும் முப்பத்திரண்டு கடிதங்கள் இருந்தன. அவற்றைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி தையற்காரி. வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்துச் சட்டென்று கதவைச் சாத்தினாள். ஆளை உள்ளே விடாமல் சாத்திவிட்டோம் என்று உறைத்த பிறகு மறுபடி திறந்தாள். அன்று மாலைக்குள் புதுச் சட்டை தைத்துப் போட்டாள். தெருமுனையில் நூலாயிற்று. இரட்டைத் தையல் போட்டாள், சாக்கில் தைத்தாள், கூடாரத் துணியில் தைத்தாள். ஆட்டுத்தோலில் தைத்த அங்கிகூட வார்வாராக உரிந்து விழுந்தது. மறைக்க என்று போட்ட எதுவும் அந்த உடம்பில் தங்கவில்லை. கடிதம் சுமக்க என்று மாட்டிய பை மட்டும் தங்கியது. அவள் கால் அமைதி கெட்டுப்போனது. சாப்பிட உட்கார்ந்தாலும் தையல் இயந்திரத்தின் மிதிகட்டையை மிதிப்பதுபோல் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

ஊர் கொதித்தது. இப்படி ஒருவர் நடமாடினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், ஊரே குட்டிச்சுவராகும் என்றார்கள். ஆனால் எந்த வீடு எங்கே இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யோசித்துப் பார்த்து நகர மன்றம் நாற்பது நாள் கெடு வைத்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பல் வைத்தியர், மன்றத்து எழுத்தர் ஆகிய மூவரும் அவர் பின்னாலேயே நடந்து, விளைகிற கேட்டை எழுதிவர வேண்டும். கேடு நிரூபணமானால் அவரை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடுவது, திரும்பி வரக்கூடாது என்று தீர்மானமாயிற்று. அதைக் கேட்ட நாளிலிருந்து தையற்காரிக்குக் கண் மூடவில்லை.

நாலாம் நாள் மளிகைக்கடைக்காரர் தபால்காரரைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை இறுக்க மூடி நடந்து, சாக்கடையில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். இது அம்மணத்தால் வந்த கேடா, கண்ணை மூடியதால் வந்ததா என்று குழு இரண்டு நாள் சண்டை போட்டது. ஒன்பதாம் நாள் ஒரு குழந்தை, மாமாவுக்கு இடுப்பில் ஏன் தழும்பு என்று தாயிடம் கேட்டது. 'கேள்வி, ஒன்று' என்று தனியாகப் பதிந்தார்கள். காக்கியைக் கண்டாலே குரைக்கும் நாய்கள் இப்போது வாயைத் திறக்கவில்லை. அதைக் கேட்டில் சேர்ப்பதா என்று தெரியாமல் ஓரத்தில் எழுதிவைத்தார்கள். வீட்டுக்கு வீடு ஜன்னலுக்குத் திரை வேண்டியிருந்தது. தைத்துக் கொடுத்தவளும் தையற்காரிதான். ஒரு கண் வைக்கிற அளவுக்கு நடுவில் தையலை விட்டுவிடம்மா என்று ஒவ்வொருவராக வந்து காதோரம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் அப்படியே விட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

நாற்பதாம் நாள் மன்றம் நிரம்பி வழிந்தது. தலைமையாசிரியர் எழுந்து, மொத்தம் பதினோரு கேடு, பதினொன்றும் பார்க்காமல் இருக்கப்போய் வந்தவை, ஆனாலும் ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். அனுப்பிவிடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. தையற்காரி கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து நின்றாள்.

"சார், இங்க இருக்கற அத்தனை பேருக்கும் நான் அளவெடுத்திருக்கேன். ஒருத்தருக்காவது ரெண்டு தோளும் ஒரே உயரத்துல இல்ல. யாருக்கு எங்க பஞ்சு வெச்சேன், எங்க இறக்கித் தைச்சேன்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கேனா? உங்க உடம்பையெல்லாம் பாத்தவ நான். நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கி, காலரைச் சரிசெய்துகொண்டன. பல் வைத்தியர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு நாப்பது நாள் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவோமே."

அந்த நாற்பது இன்னொரு நாற்பதாகி, அப்படியே பத்தொன்பது வருஷம் ஓடியது. சும்மா நடப்பானேன் என்று குழுவினர் பார்சல்களைத் தூக்கத் தொடங்கினார்கள். தலைமையாசிரியருக்குச் சர்க்கரை இறங்கியது. மழை பிடித்தால் எந்த வீட்டிலும் அடுப்பருகே தபால்காரருக்கு இடம் கிடைத்தது. தையற்காரி மட்டும் வானம் கறுத்தாலே வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைவாள். சளி பிடித்தால் போர்த்திவிட முடியாத உடம்பு அல்லவா.

பிறகு அவர் ஓய்வுபெற்றார். புதிய தபால்காரர் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார். ஊர் கதவைத் திறக்கவில்லை. இப்படி மூடிக்கொண்டு திரிகிறாரே, உள்ளே என்ன வைத்திருக்கிறாரோ என்று பேச்சு கிளம்பியது. சீருடைக்கு அளவெடுத்தவள் என்பதால் தையற்காரியிடமே வந்து கேட்டார்கள். எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்றாள். யாரும் நம்பவில்லை. மூன்றாம் மாதம், பாவம், அவருடைய உடல்வாகு அப்படி, என்ன செய்வது என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.