ஏரிப் பக்கமா, காட்டுப் பக்கமா

பல் டாக்டர் ஓய்வு பெற்றுத் தன் கிளினிக்கை மூடிய கையோடு அவள் கணவருக்கு இயற்கை மீது காதல் வந்துவிட்டது. அதற்கு முன்பு அந்த மனிதர் இயற்கையோடு வைத்திருந்த ஒரே உறவு பால்கனியில் இருந்த மணிபிளான்ட். அதையும் அவர்தான் கொன்றார். பாட்டில் தண்ணீரில் போட்டு வைத்தாலே படர்ந்துவிடும் செடியை ஒருவர் சாகடிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டாள்.

அவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் புரொபசர்தான். பாடம் கேட்க ஆள் இல்லாமல் போன பிறகு, லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று விளக்கத் தொடங்கினார். அந்தக் கட்டடத்தில் பலர் படியேறப் பழகிக்கொண்டார்கள்.

"இத்தனை வருஷமா டிரில் சத்தத்துக்கு நடுவுலேயே காலத்தை ஓட்டிட்டே. இனிமே நமக்கு அமைதி வேணும். நாலு மரம், கொஞ்சம் தண்ணி, காலைல பறவைச் சத்தம். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் ஒரு நாள் காலையில், ரொட்டியைக் கடித்தபடி.

பூச்சி பறந்து உள்ளே வந்தாலே போர்வைக்குள் போய்விடுகிற ஆள் பேசுகிற பேச்சா இது என்று டாக்டருக்கு வாய் வரை வந்தது. ஆனால் அமைதி என்ற சொல் அவளையும் எங்கோ தொட்டுவிட்டது. தொழிலில் அவள் பார்த்ததெல்லாம் திறந்த வாய்கள். கருவியை வைக்கும்போது மூடிக்கொள்ளும், எடுத்தால் பேச ஆரம்பிக்கும். யாரும் வாயைத் திறக்காத ஓர் இடம் இருந்தால் போதும் என்று அவளும் பல நாள் ஏங்கியிருக்கிறாள். அதனால் சரி என்றாள்.

நகரத்து ரயில் பாதையின் ஒரு கோடியில் ஏரிக்கரை ஊர். மறு கோடியில் காட்டை ஒட்டிய ஊர். இரண்டு ஊரிலும் வீடு விற்பவர்களின் விளம்பரங்களைப் புரொபசர் மேசையில் பரப்பினார். இரண்டிலும் நரைத்த தலையோடு ஒரே தம்பதி பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஒன்றில் பின்னால் ஏரி, இன்னொன்றில் மரங்கள்.

"அவங்க எந்த ஊருக்குப் போகலாம்னு இன்னும் முடிவு பண்ணலை போல" என்றாள் டாக்டர். "பல்லு அத்தனையும் வெள்ளையடிச்சது."

முதலில் ஏரிக்கரை ஊருக்குப் போனார்கள். அங்கே புரொபசரின் அக்கா ஏற்கெனவே குடியேறியிருந்தாள். பெரிய வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னமும் எதிரே நிற்பவர் கடன் கேட்டு வந்தவர் என்ற மாதிரிதான் பார்ப்பாள். ரயில் நிலையத்தில் ஆரம்பித்த பேச்சை வீட்டு வாசல் வரை நிறுத்தவில்லை. அந்த ஊரின் அமைதியைப் பற்றித்தான் அத்தனை பேச்சும்.

"குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும், டாக்டரம்மா" என்றாள் உரக்க.

"நீங்க பேசாம இருந்தா கேக்கும், அண்ணி" என்றாள் டாக்டர். அது அண்ணியின் காதில் ஏறவில்லை.

தெருவுக்குத் தெரு பலகை வைத்திருந்தார்கள். இங்கே ஓடாதீர், இங்கே உட்காராதீர், வாத்துகளோடு பேசாதீர். ஏரி அழகாகத்தான் இருந்தது, கம்பி வேலியின் கட்டங்களுக்குள்ளே. வேலியோரமாக ஒரே மாதிரி தொப்பி போட்டவர்கள் ஒரே திசையில் வேகமாக நடந்தார்கள். யாரும் ஏரியைப் பார்க்கவில்லை. கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அன்று மாலை குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம். அண்ணி இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அமைதியைக் காப்பது எப்படி என்று பேச மைக் வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் ஒரு முன்னாள் கட்டட ஒப்பந்தக்காரர். மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல், அதுவும் சரியாகப் பொருந்தாதது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'டக்' என்று ஒரு சத்தம் மைக்கில் கேட்டது.

பிரச்சினை தவளைகள். ஏரியின் ஓரத்தில் ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. பொழுது சாய்ந்தால் அங்கிருந்து தவளைகள் கத்துகின்றனவாம். சிலருக்கு டிவி பார்க்க முடியவில்லையாம். பள்ளத்தை மண் போட்டு மூடி அதன் மேல் நடைபாதை போட வேண்டும் என்று நகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறார்கள்.

டாக்டர் கையைத் தூக்கினாள். "தவளை வேணாம்னா ஏரிப் பக்கம் எதுக்கு வந்தீங்க?"

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "ஏரி வேணும்மா. ஏரியோட ஒட்டிக்கிட்டு வர்றதெல்லாம் வேணாம்." டக்.

அண்ணி டாக்டரின் முழங்கையை இடித்தாள். அப்போதுதான் புரொபசர் எழுந்து நின்றார். மாலையில் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று குளிர்ந்துவிடும், மேல் காற்று சூடாக இருக்கும், அதனால் மேலே போகிற ஒலி வளைந்து கீழேயே திரும்பும், தவளை மெதுவாகக் கத்தினாலும் அக்கரை வரை கேட்பது அதனால்தான் என்று விளக்கினார். கையை வளைத்துக் காட்டினார். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. நகரத்து லிஃப்ட்காரர்களைப் போல யாரும் நழுவிப் போகவில்லை. முடித்ததும் கை தட்டினார்கள். "என் தம்பிதான்" என்று அண்ணி சுற்றியிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டாள்.

புரொபசரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை டாக்டர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மண்ணை வாரிப் போட்டுப் புதைக்கப் போகிற உயிர்களைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு இப்படிப் பூரிக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து காட்டோர ஊர். வாங்குவதற்கு முன் தங்கிப் பாருங்கள் என்று தரகர் ஒரு மரவீட்டைச் சில நாள் வாடகைக்குக் கொடுத்தார். அந்தத் தரகர் நோயாளி படுத்திருக்கும் அறையில் பேசுவது போலக் கிசுகிசுத்தே பேசினார். மரங்களுக்குக் காது கேட்டுவிடும் என்று பயந்த மாதிரி இருந்தது.

"இங்க இருக்கறவங்க யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டாங்கம்மா. அதான் இந்த ஊரோட ஸ்பெஷல்" என்றார்.

உண்மையிலேயே அந்த ஊரில் சத்தமில்லை. கடைக்காரர் கூடப் பொருளை நகர்த்தி வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். டாக்டருக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று.

மறுநாள் விடிந்ததும் கூரையின் ஓரப் பலகையில் ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தது. புரொபசர் பதறி எழுந்தார். டாக்டர் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கொஞ்சம் கொத்தும், நிறுத்தும், தலையைச் சாய்த்து ஓட்டைக்குள் பார்க்கும், மறுபடி கொத்தும். சொத்தை எங்கே இருக்கிறதென்று தெரிந்து வேலை செய்கிற பறவை. படிப்பை முடித்து அவளிடம் பயிற்சிக்கு வந்த சிலரைவிட இதற்குக் கை நிதானம். அதைவிட முக்கியம், மரம் குறுக்கே பேசவில்லை.

"இதுக்கு யார்கிட்ட புகார் குடுக்கறது?" என்று கேட்டார் புரொபசர்.

"இங்க சங்கம் கிடையாது. வேணும்னா வெளியில போய் நீங்களே அதுக்கு ஒலி எப்படி வளையுதுன்னு சொல்லுங்க."

அதற்கடுத்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக முடியவில்லை. புரொபசர் மழை எப்படி உண்டாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். நகரத்து வீட்டில் வண்டிச் சத்தத்திலும் மேல்மாடிக் குழாய்ச் சத்தத்திலும் காதில் விழாத ஒன்று இங்கே விழுந்தது. புரொபசர் கேரட்டை மெல்லுகிற சத்தம். இடது பக்கக் கடைவாயில் மட்டுமே மெல்லுகிறார். வலது பக்கப் பல்லை என்றோ அவளே எடுத்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு கடியும் அவள் மண்டைக்குள் விழுந்தது. இதைக் கேட்கத்தானா காடு வரைக்கும் வந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கொஞ்சம் மெதுவா சாப்பிடக் கூடாதா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "உனக்கு அமைதி வேணும்னா நான் வேணாம்னுதானே அர்த்தம்? நேரா சொல்லேன்."

"அமைதி வேணும்னு ஆரம்பிச்சதே நீங்கதான்."

"நான் உனக்காகச் சொன்னேன்" என்றார். குரல் இறங்கியது. "பொய். எனக்காகத்தான் சொன்னேன். நம்ம பில்டிங்ல என்னைப் பார்த்தா படியேறிப் போறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? புது ஊருக்குப் போனா புதுசா நாலு பேர் கேப்பாங்கன்னு நினைச்சேன். இங்க வந்தா கடைக்காரனே தலையை ஆட்டிட்டுப் போறான். எனக்குக் காடும் பிடிக்கலை, ஏரியும் பிடிக்கலை. அந்தக் கூட்டம் பிடிச்சுது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். அவர் முகம் சுருங்குவதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ அங்கேயே போங்க" என்றாள்.

"நீ?"

"நான் இங்கே."

"அது எப்படி?"

"ரயில் இருக்கே. அந்தக் கோடியில ஏறினா இந்தக் கோடியில இறங்கலாம். வாரக் கடைசியில வாங்க. இல்லைனா நான் வர்றேன். நீங்க கேரட் சாப்பிடற சத்தம் எனக்குக் கேக்க வேணாம், நான் சத்தமில்லாம இருக்கறது உங்களை உறுத்த வேணாம்."

அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தட்டை மறுபடி அருகில் இழுத்து, மீதிக் கேரட்டைச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்குன்னு தலைவர் சொன்னார்" என்றார். அந்த வீட்டின் எண் கூட அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

செய்தி வெளியே போனதும் சொந்தக்காரர்களின் வாய்கள் திறந்தன. இத்தனை வருஷம் இந்தத் தம்பதி எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கூடக் கேட்காதவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கும் குரலில் போன் செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டான்.

"அம்மா, டைவர்ஸா?"

"இல்லடா. அட்ரஸ்தான் வேற."

அண்ணி நேரிலேயே வந்தாள். "வயசான காலத்துல புருஷனைத் தனியா விட்டுட்டுக் காட்டுல போய் உக்காந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"தனியா எங்க விட்டேன்? உங்ககிட்டதானே விட்டிருக்கேன், அண்ணி. அந்த நாலு பேரும் உங்க சங்கத்துலதான் இருப்பாங்க. கூட்டத்துல மைக் வெச்சுக் கேட்டுடுங்க."

அண்ணி அதன் பிறகு அவளோடு நெடுநாள் பேசவில்லை. டாக்டருக்கு அது வீடு மாறியதோடு சேர்ந்து வந்த இலவசம்.

ஏரிக்கரையில் புரொபசர் செழித்தார். சங்கத்துக்குத் துணைத் தலைவரானார். பள்ளத்தை மூடும் மனுவுக்கு அறிவியல் விளக்கம் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். பள்ளம் மூடப்பட்டது, நடைபாதை வந்தது, அதன் மேல் தொப்பிக்காரர்கள் நடந்தார்கள். அடுத்த மழைக்குப் பின் ஊரையே கொசு தூக்கிக்கொண்டு போயிற்று. மாலை ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் உள்ளே இருந்தார்கள். தவளை இருந்தவரை கொசுவைத் தின்றிருக்கும் என்பது அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் முன்பே தோன்றவில்லை. இப்போது கொசுவுக்கு ஒரு தனிக் குழு போட்டிருந்தார்கள். அதிலும் புரொபசர் இருந்தார்.

"கொசு எப்படி ரீங்காரம் பண்ணுதுன்னு கேக்கறாங்க. ரெண்டு கூட்டமா நடத்தினேன்" என்று போனில் பெருமையாகச் சொன்னார்.

"ஒரு கூட்டத்துக்குத் தவளையையும் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள் டாக்டர்.

காட்டோர ஊரில் அவள் நினைத்தபடிதான் இருந்தது. யாரும் வரவில்லை. முதல் சில வாரங்கள் தேனாக இனித்தன. பிறகு ஒரு நாள் கடையில் தலையாட்டும் மனிதரிடம், பெயருக்காவது ஏதாவது பேசட்டுமே என்று, "மழை வருமா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். வருமென்றா வராதென்றா என்று வீடு வரை யோசித்துக்கொண்டே நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் புரொபசர் ரயிலில் வந்து இறங்கினார். கை முழுக்கக் கொசுக் கடித் தடிப்பு. செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்தார். டாக்டர் காபி வைத்துக் கொடுத்தாள். குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"பின்ன ஏன் பேச்சே இல்லை?"

"வாரம் பூரா அங்க பேசியே தீந்துபோச்சு" என்றார். "இங்க வந்தா நிம்மதியா இருக்கு."

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் கொட்டிவிட்டு வெறும் பாத்திரத்தைத் தன்னிடம் கொண்டுவந்து வைக்கிறாரே என்று இருந்தது. சட்டென்று ஏதாவது குத்தலாகச் சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு. கடைக்காரர் தலையாட்டியதைச் சொன்னாள். மரங்கொத்தி கூரைப் பலகையை விட்டுவிட்டு இப்போது வாசல் கதவுக்கு வந்துவிட்டதைச் சொன்னாள். தரகரின் கிசுகிசுப்பை அப்படியே செய்து காட்டினாள். ஓர் இடத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. கிளினிக்கில் நடந்து அவரிடம் எப்போதுமே சொல்லாமல் விட்டவையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

அவர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்.