ஸ்பானருக்கு ஒரு தொப்பி தேநீர்

கிளிஃபர்ட் எழுந்தான். அடுப்பைப் பற்றவைத்தான். ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது, சுரண்டிவிட்டுத் தின்றான். சவரம் செய்துகொண்டான். சைக்கிளை எடுத்தான். பிப்ரவரியில் மனைவி மேவிஸ் இறந்ததிலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான். இப்போது கோடை விடுமுறை. அதனால் சைக்கிள் அவன் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பழைய விமானத்தளத்துக்குப் போனது.

அங்கே சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். போரின்போது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருந்த அந்தத் தளத்திலிருந்து குண்டு போடப் போன ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவின் கதை. கிளிஃபர்ட் அதில் வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டராகப் பறந்தவன். விவரம் சரிபார்த்துச் சொல்ல அவனை வைத்திருந்தார்கள். அவனும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அவர்களும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

படத்தின் நாயகன் ஸ்பானர், ஸ்குவாட்ரனின் செல்ல நாய். நிஜ ஸ்பானர் சேற்று நிறம், ஒரு காது கிழிசல், யார் சொன்னாலும் உட்காராது. படத்துக்கு வந்திருந்ததோ எண்ணெய் தடவியது போல் மினுங்கும் கறுப்பு லாப்ரடார். விரலைச் சொடுக்கினால் உட்கார்ந்தது. இன்னொரு சொடுக்குக்கு முன்னங்காலைத் தூக்கி சல்யூட் வைத்தது.

கூட்டத்தில் ஒருவனாக நடிக்க வந்திருந்த ஆல்ஃபி, கிளிஃபர்டின் விமானத்திலேயே வால்பக்கத் துப்பாக்கியில் உட்கார்ந்தவன். "வாத்தி, நீ ஒரு நாளாவது இவ்வளவு ஒழுங்கா சல்யூட் வச்சிருப்பியாடா?" என்றான்.

கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. நாயின் நிறம் போகட்டும் என்று விட்டுவிட்டான். காதையும் விட்டான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி.

புறப்படுமுன் விமானக் குழுவின் ஏழு பேரும் விமானத்தின் பின்சக்கரத்தில் சிறுநீர் கழிப்பார்கள். முதல் மரியாதை ஸ்பானருக்கு. அது காலைத் தூக்காமல் யாரும் ஏணியில் ஏறுவதில்லை. ஒருநாள் அது தூக்கவே இல்லை. கெஞ்சினார்கள், விசிலடித்தார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் கிளம்பினார்கள். ஒரு எஞ்சின் எரிந்து, பாதி உயிராகத் திரும்பினார்கள். அவர்களை விமானம்வரை வண்டியில் கொண்டுபோய் விடும் டிரைவர் மேவிஸ். மறுநாளிலிருந்து ஒரு இரும்புத் தொப்பியை மல்லாக்க வைத்து, அது நிறையத் தேநீர் ஊற்றி, வண்டி கிளம்புமுன் ஸ்பானருக்குக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் ஸ்பானர் தவறவிட்டதே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம்தான் கிளிஃபர்டிடம் சொன்னாள்: "உங்க அதிர்ஷ்டம் பூரா என் கெட்டில்ல இருந்து வந்ததுடா, முட்டாள்களா."

டைரக்டர் வில்மட் இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேமராக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்ல வைத்தார். பிறகு, சென்சார் விடாது என்றார். குழந்தைகள் வரும் படம் என்றார்.

அப்படியானால் சக்கரத்தைக் காட்ட வேண்டாம், அந்தப் பெண் நாய்க்குத் தேநீர் கொடுப்பதை மட்டும் காட்டுங்கள் என்றான் கிளிஃபர்ட். எதற்குக் கொடுக்கிறாள் என்று ஜனங்கள் கேட்பார்களே என்றார் வில்மட். தாகத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். தாகத்துக்குக் குடித்தால் அதில் கதை எங்கே இருக்கிறது என்றார். வண்டியே படத்தில் இல்லை. ஏழு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு விமானத்துக்கு நடந்தே போனார்கள். நாய் சல்யூட் வைத்தது. மூன்று முறை எடுத்தார்கள். மூன்றிலும் பிசகாமல் வைத்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வில்மட் தேடி வந்தார். முகத்தில் உற்சாகம்.

"மிஸ்டர் ஹோர்னர், உங்க மனைவிக்கு இடம் கிடைச்சிருச்சு. ஸ்பானரோட கல்லறையில பூ வைக்கிற பொண்ணு. பேரும் மேவிஸ்தான். பல வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. கடைசி மூச்சு. 'ஸ்பானர் வந்துட்டானா?'ன்னு கேட்கிறா. படம் முடியுது."

அவள் பெயர். அவ்வளவு பெரிய திரையில், இருட்டில் உட்கார்ந்து ஊரே கேட்கும்படி. ஒரு தலையசைப்புப் போதும். ஆல்ஃபி கிளிஃபர்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ அப்படிச் சொல்லல."

"நினைச்சிருப்பாங்க இல்லையா?"

"நாய்க்கு டீ கொடுத்தா. கல்லறைக்கெல்லாம் போனதில்ல. அழவும் இல்ல."

"இதுல யாருக்கு என்ன நஷ்டம்? ஜனங்களுக்கு அவங்களைப் பிடிச்சுப் போகும்."

"அது வேற யாரோ. அந்தப் பேரை விட்ருங்க."

வில்மட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "தினம் வந்து எல்லாத்துக்கும் இல்ல, இல்லங்கிறீங்க. சரி, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? நிஜமா என்னதான் சொன்னாங்க? சொல்லுங்க, அதையே வைக்கிறேன்."

வைக்கமாட்டார் என்று கிளிஃபர்டுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னான். சாயங்காலம், கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தான், வெளியே மழை. அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"க்ளிஃப், என் கால் மேல உக்காந்திருக்க. கொஞ்சம் தள்ளு."