ஓர் எழுத்துக்கு முப்பத்தொன்பது சாட்சி

இறந்து பதினோரு வருடமான மாமா, ரத்தம் கொடுக்க வந்து வரிசையில் ஒன்பதாவதாக உட்கார்ந்தார். டோக்கனும் வாங்கியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பெரியம்மாவும், முப்பத்தெட்டு வயதில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதே சரிந்து போன அம்மாவும் இருந்தார்கள்.

வரவழைத்தவள் அந்த அம்மாவின் மூத்த மகள், பஸ் ஓட்டுநர். வயது நாற்பத்து மூன்று. பதினாறு வருடத்தில் ஒரு கீறல்கூட விழாத வண்டி அவளுடையது. அந்தக் குடும்பத்தில் கல்லுக்குண்டு போல இருப்பவர்களுக்குத் திடீரென்று இதயம் நின்றுவிடும். ஊர் தன் இஷ்டத்துக்குக் காரணம் சொன்னது: மாமாவுக்குக் குடி, பெரியம்மாவுக்குக் கோபம், அம்மாவுக்கு மனக்கவலை. மாமா குடித்ததே இல்லை. ஓட்டுநர்களுக்கான வருடாந்திர மருத்துவச் சோதனையில் இவளுடைய இதயத் துடிப்பின் கோடு லேசாகக் கோணியிருக்க, மரபணுவைச் சோதித்தார்கள். ஓர் எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அது நோயைத் தருமா, சும்மா கிடக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறிக்கை வந்தது.

அவள் நேராக ஆய்வகத்துக்குப் போய், அறிக்கை எழுதிய பெண்ணின் எதிரே உட்கார்ந்தாள்.

"நோய் வந்தவங்ககிட்ட இந்த மாற்றம் இருக்கா, வராத வயசானவங்ககிட்ட இல்லையான்னு பாத்தாதான் சொல்ல முடியும். ஆனா உங்க வீட்ல நோய் வந்தவங்க..."

"செத்துட்டாங்க. சொல்லி அனுப்பிப் பாக்கறேன்."

"நோய்தான்னு உறுதியாச்சுன்னா உங்கள பஸ் ஓட்ட விடமாட்டாங்க."

"தெரியும். தங்கச்சிக்கு மூணு புள்ளைங்க இருக்கு."

உறவினர்களின் எண்கள் எல்லாவற்றுக்கும் செய்தி அனுப்பினாள். மாமாவின் எண்ணை அவள் அழித்திருக்கவில்லை. ஒரு மதில் சுவருக்காகப் பல வருடம் முகம் பார்க்காத இரண்டு குடும்பங்கள் ஆய்வகத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. உயிரோடிருப்பவர்கள் முப்பத்தாறு, மற்றவர்கள் மூன்று. நர்ஸ் வயது கேட்டபோது மாமா, "இப்பவா, அப்பவா?" என்றார். "அப்ப" என்றாள் நர்ஸ், தலை நிமிராமல்.

மகளைவிட ஐந்து வயது இளையவளாகிவிட்ட அம்மா, அவளுடைய சீருடைப் பொத்தானைத் தடவிப் பார்த்தாள்.

"அவ்ளோ பெரிய பஸ்ஸ நீயா ஓட்டற?"

"ஆமாம்மா."

கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, அம்மா அதை வரிசையிலிருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள்.

ஏழு மாதம் கழித்து அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. போன மூவருக்கும் அந்த மாற்றம் இருந்தது. எழுபதைத் தாண்டி நன்றாக இருந்த ஒருவருக்கும் இல்லை. நோய்க்கு அதுவே காரணம். மூவர் காலமான பின் ரத்தம் கொடுத்தவர்கள் என்ற அடிக்குறிப்பில் தலைமை மருத்துவர் ஒரு சந்திப்பிழையை மட்டும் திருத்தினார். ஆய்வகத்தின் படிவத்தில் 'காலமானவரா?' என்றொரு கட்டம் சேர்ந்தது. இப்போது பலரும் அதை நிரப்புகிறார்கள். தொலைதூரத்தில் யாரோ ஒருவருக்கு அதே எழுத்து மாறியிருந்தபோது, முதல் அறிக்கையிலேயே பதில் இருந்தது.

ஓட்டுநரும் தங்கையும் தங்கையின் நடு மகளும் காறையெலும்புக்குக் கீழே, இதயம் நின்றால் மின் அதிர்வு கொடுக்கும் சிறு கருவி பொருத்திக்கொண்டார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். மூன்றாம் வருடம், கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த நடு மகள் மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். கருவி ஒருமுறை உதைத்தது. எழுந்து உட்கார்ந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, யார் ஜெயித்தது என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தில் விழுந்து எழுந்த முதல் ஆள் அவள்.